நாட்டுக் கோழியும் இனவிருத்திச் சேவலும்

புதுச்சேரி நகரின் வடபாகத்திலுள்ள கருவடிக்குப்பத்தைக் கேள்விப்படாத தமிழர் சிலரே. 1908 முதல் 1918 வரை புதுவையில் வசித்த மகாகவி பாரதியாரின் பெயரோடு இணைந்த குயில் தோப்பும், சித்தானந்த சுவாமிகளின் ஆலயமும் அங்கேதான் உள்ளன. முன்னாளில் தோப்புகள் சூழ்ந்த கிராமமாயிருந்த அவ்விடம் இப்போது நகரத்தோடு ஒன்றிவிட்டது. குயிலால் பெயர் பெற்ற ஊர் என்று அதனைக் கொண்டாடுவோர் பலர். விடியலில் ஊரை எழுப்பும் சேவலைப் பற்றி நினைப்பவர் அரியர்.

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களிலும் நிலை இதுவே. நெல்லுக்கு விதை பொறுக்கவும், பசுவுக்குப் பொலிகாளை தேடவும் தவறாத குடியானவர், கோழியை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுகின்றனர். பஞ்சாரத்தில் எந்தச் சேவல் எஞ்சியிருக்கிறதோ அதுவே மந்தைக்குத் தகப்பனாகிறது. நல்ல சேவல்களெல்லாம் முன்னமே சந்தைக்குச் சென்றுவிடுவதால், எஞ்சுவது பெரும்பாலும் யாரும் விலை கேளாத சேவலே. நாட்டுக் கோழியின் குணங்கள் நம் கண்ணெதிரே தேய்ந்து வருவதற்கு முக்கியமான காரணங்களுள் இது ஒன்று. இதை நீக்கச் செலவு வேண்டுவதில்லை. சிறிது கவனம் போதும்.

காட்டுக் கோழியும் புதுச்சேரியும்

கோழியின் பூர்வீகத்தைப் பற்றிய விசாரணையில் புதுச்சேரிக்கு ஒரு பங்குண்டு. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை நூலாசிரியர் 1774 முதல் 1781 வரை கீழ்த்திசை நாடுகளில் யாத்திரை செய்தவர். பிற்காலத்தில் புதுச்சேரியில் நெடுநாள் வசித்தவர். 1782-ல் வெளிவந்த தமது யாத்திரை நூலில், தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக் கோழியை அவர் வர்ணித்து, வீட்டுக் கோழிக்கு அதுவே மூலம் என்று கருதினார். 1813-ல் டெம்மின்க் என்ற டச்சுப் பண்டிதர் அப்பறவைக்குச் சொன்னராவின் பெயரையே சாஸ்திரப் பெயராகச் சூட்டினார்.

பின்வந்த சார்லஸ் டார்வின், 1868-ல் வெளியிட்ட நூலில், வீட்டுக் கோழிகள் யாவும் செந்நிறக் காட்டுக் கோழியின் சந்ததியே என்று முடிவு கூறினார். அம்முடிவு பெரும்பாலும் சரியென்றே நிலைத்துள்ளது. எனினும் 2008-ல் வெளியான பரம்பரை அணு ஆராய்ச்சியொன்று, பல வீட்டுக் கோழிகளிலே காணப்படும் மஞ்சள் தோலும் மஞ்சள் காலும் சாம்பல் காட்டுக் கோழியிடமிருந்து வந்தவை எனக் காட்டிற்று. ஆகவே சொன்னராவின் கருத்தும் முழுதும் வீணாகவில்லை. புறக்கடையில் மஞ்சள் காலுடன் கிளறித் திரியும் பெட்டையிடத்தில் தென்னாட்டு மலைக்காட்டின் இரத்தமும் ஓடுகிறது.

முக்கியமான ஜாதிகள்

நம் நாட்டுக் கால்நடை ஜாதிகளைப் பரிசீலித்துப் பதிவு செய்யும் தேசிய ஸ்தாபனம் 1984-ல் ஏற்பட்டது; இப்போது அது ஹரியானாவிலுள்ள கர்னாலில் இருக்கிறது. அதன் ஜாபிதாவில் இருபதளவிலான கோழி ஜாதிகள் இடம் பெற்றுள்ளன. அவற்றுள் நம்மவர் அறிய வேண்டியவை வருமாறு.

அசில்: இப்பெயர் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, கலப்பற்றது என்பது பொருள். ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகியவை இதன் தாயகமாகச் சொல்லப்படும். நிமிர்ந்த நடை, நீண்ட கழுத்து, உறுதியான கால், இறுகிய இறகு, பட்டாணிக் கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். சேவல் 3 முதல் 4 கிலோவும், பெட்டை 2 முதல் 3 கிலோவும் நிற்கும். முட்டை மிகக் குறைவு. தமிழ்நாட்டில் பெருவிடை என வழங்குவது இவ்வகையைச் சார்ந்ததே. கிளிமூக்கும் விசிறிவாலும் உடைய அழகுச் சேவல்கள் இவ்வினத்தில் நம்மவர் வளர்த்தெடுத்தவை; திண்டுக்கல்லில் அவற்றிற்கெனக் கண்காட்சிகள் நடந்துள்ளன. பிராணிகளைச் சண்டைக்கு ஏவுதல் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாதலால், இவ்வினத்தை இறைச்சிக்கும் அழகுக்குமே வளர்த்தல் தகும்.

சிறுவிடை: தமிழ்நாட்டிலும் புதுவையிலும் புறக்கடையில் மிகுதியாகக் காண்பது இதுவே. உடல் சிறியது, சுறுசுறுப்பு மிக்கது, பருந்தைக் கண்டதும் குஞ்சுகளைக் கூவியழைத்துச் சிறகினடியில் ஒடுக்கிக் கொள்ளும். அடை காப்பதில் இதனை மிஞ்சுவது அரிது.

கடக்நாத்: மத்தியப் பிரதேசத்து ஜாபுவா ஜில்லாவில் பில் மக்கள் பேணி வந்த கருங்கோழி. தோல், இறைச்சி, எலும்பு யாவும் கருமை. இதற்குக் காரணம் உடலெங்கும் பரவிய கருநிறமி. சேவல் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும், பெட்டை ஒன்றரைக் கிலோவுக்கு உட்பட்டும் இருக்கும். ஆண்டுக்கு 80 முட்டை வரை இடலாம். ஜாபுவாவின் இக்கறிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருமை நிறத்தையே மருந்தாகக் கூறி அதிக விலைக்குக் குஞ்சு விற்போரிடம் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். ஊரார் எல்லோரும் ஒரே சமயத்தில் இதை வளர்க்கத் தொடங்கினால் விலை இறங்குவது நிச்சயம்.

தலைச்சேரி: கேரள நாட்டின் கரிய கோழி. கழுத்திலும் முதுகிலும் வாலிலும் நீலப் பளபளப்புக் காணும்.

நிக்கோபாரி: அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குரியது. குட்டைக் காலும் பருத்த உடலும் கொண்டது. நம் நாட்டு ஜாதிகளுள் முட்டை மிகுதியாக இடுவது இதுவே. ஆண்டுக்கு 140-க்கு மேலும் இடும்.

காளஹஸ்தி, டங்கி, காகஸ்: காளஹஸ்திக் கோழி அத்திருத்தலத்தைச் சூழ்ந்த பகுதியினது. டங்கி வட ஆந்திரத்தின் நெடுங்கால் கோழி. காகஸ் ஆந்திரத்திற்கும் கர்நாடகத்திற்கும் பொதுவானது. கழுத்தடியில் தாடிபோன்ற இறகு உடையது.

கிராப்புக் கோழி: கழுத்தில் இறகில்லாதது. இக்குணம் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மொத்த இறகில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கும், ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 20 பங்கும் குறையும். இறகு குறைவதால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. ஆகவே சித்திரை வைகாசி வெயிலில் மற்றக் கோழிகள் வாய் பிளந்து நிற்கும்போது இது இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். பார்வைக்கு அழகில்லை என்று இதைக் கழிப்பது பேதைமை.

குட்டைக்கால் கோழி: வீட்டைச் சுற்றியே மேய்வதால் விரும்பப்படுவது. எனினும் சேவலும் பெட்டையும் இரண்டுமே குட்டைக்காலாக இருந்தால் அடை வைத்த கருவில் சுமார் நான்கில் ஒரு பங்கு முட்டையிலேயே இறப்பதுண்டு. குட்டைக்கால் பெட்டைக்கு நெட்டைக்கால் சேவலைச் சேர்த்தால் இந்நஷ்டம் இல்லை.

முட்டை குறைவதன் காரணம்

நாட்டுக் கோழியின்மேல் சொல்லப்படும் முதற் குறை முட்டைக் குறைவு. பண்ணைகளில் கூண்டில் வளரும் முட்டைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. நாட்டுப் பெட்டை 40 முதல் 80 வரையே இடுகிறது. கணக்கைப் பார்ப்பவர் உடனே நாட்டுக் கோழியைத் தள்ளிவிடுவர். ஆனால் அக்கணக்கு முழுமையானதன்று.

நாட்டுப் பெட்டை ஒரு பருவத்தில் 10 முதல் 15 முட்டை இட்டபின் அடைக்கு உட்காருகிறது. அடை 21 நாள். பின்பு இரண்டு மாதத்திற்கு மேல் குஞ்சுகளுடன் திரிகிறது. இக்காலம் முழுவதும் அது முட்டை இடுவதில்லை. வேறு வேலை செய்கிறது. குஞ்சு பொரிக்கும் யந்திரத்தின் வேலை, சூடு தரும் விளக்கின் வேலை, இரை காட்டும் ஆளின் வேலை, காவற்காரன் வேலை ஆகிய நான்கையும் அதுவே செய்கிறது. கூண்டுக் கோழிக்கு இந்நான்கையும் மனிதன் பணம் கொடுத்துச் செய்விக்கிறான். முட்டை குறைவது இவ்வேலைகளுக்கு நாட்டுக் கோழி பெறும் கூலியென்றே கொள்ளல் வேண்டும்.

முட்டை விற்பதே தொழிலாகக் கொள்வோர்க்குக் கூண்டுக் கோழியே ஏற்றது. நாமக்கல் அதற்குச் சாட்சி. புறக்கடையில் விழும் நொய்யையும் தவிட்டையும் புழுவையும் காசாக்க விரும்புவோர்க்கு நாட்டுக் கோழியே ஏற்றது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி இந்தியாவிலுள்ள 85.18 கோடிப் பறவைகளில் 31.7 கோடி புறக்கடையில் வளர்ந்தவை. முந்திய கணக்கைவிடப் புறக்கடைப் பறவைகள் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் பெருகியிருந்தன. நாட்டுக் கோழியின் காலம் முடிந்துவிடவில்லை என்பதற்கு இது போதிய ருசு.

சீமைக்குச் சென்ற சேவல்

நம் சேவலின் மதிப்பை நம்மினும் பிறர் முன்னே அறிந்தனர். இங்கிலாந்தின் கார்ன்வால் ஜில்லாக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய அசிலையும், மலாய்க் கோழியையும், தம் நாட்டுச் சண்டைக் கோழியையும் கலந்து ஒரு ஜாதியை உண்டாக்கினர். அதற்கு அவர்கள் முதலில் இட்ட பெயரே இந்தியச் சண்டைக் கோழி என்பது. பிற்காலத்தில் அது கார்னிஷ் எனப்பட்டது. அகன்ற மார்புடைய அந்தக் கார்னிஷ் வழியே இன்று உலகெங்கும் விற்கும் பிராய்லர் கோழிக்குத் தந்தை வழியாயிற்று.

அங்கே அவர்கள் செய்ததில் மாயமொன்றுமில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல சேவலை நிறுத்திக்கொண்டு, மற்றவற்றை விற்றார்கள். நம்மவரோ நல்ல சேவலை விற்றுவிட்டு, மற்றவற்றை நிறுத்திக்கொள்கின்றனர்.

நம்மவர் செய்யும் பிழை

இது மனமறிந்து செய்யும் பிழையன்று. ஆடி மாதம் அம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டவர் நல்ல சேவலையே கேட்பர். குறையுள்ளதைத் தெய்வத்திற்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வியாபாரி வந்து பஞ்சாரத்தைத் தூக்கியவுடன் பெரிய சேவலின் மேலேயே கை வைப்பான். மருமகன் விருந்துக்கு வந்தாலும் அப்படியே. இவ்வாறு ஆண்டுதோறும் வேகமாய் வளர்ந்தது முதலில் போகிறது. மெல்ல வளர்ந்தது கடைசிவரை நிற்கிறது. அதன் குஞ்சுகளும் மெல்லவே வளர்கின்றன. பத்தாண்டு இப்படி நடந்தால், முன்பு ஐந்து மாதத்தில் விலைக்கு வந்த சேவல் ஏழு மாதமானாலும் வராது. பிறகு கோழிக்கு ராசியில்லை என்று சொல்லப்படுகிறது.

ஒரு வீட்டில் ஒரு சேவலும் எட்டுப் பெட்டைகளும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பெட்டை ஆண்டில் இருமுறை அடை உட்கார்ந்து, முறைக்கு எட்டுக் குஞ்சு பொரித்தால், அதற்குப் பதினாறு குஞ்சுகள். சேவலுக்கோ நூற்று இருபத்தெட்டுக் குஞ்சுகள். ஒரு பெட்டையின் குறை பதினாறு குஞ்சோடு நிற்கும். சேவலின் குறை மந்தை முழுவதிலும் ஏறும். விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்னும் பழமொழி இங்கே முற்றிலும் பொருந்தும். பஞ்ச காலத்திலும் விதைநெல்லை அவித்து உண்ணாத குடியானவர், விதைக்கு நிற்க வேண்டிய சேவலை மட்டும் முதல் விலைக்கே கொடுத்துவிடுவது பொருத்தமில்லை.

சேவலைத் தெரிந்தெடுக்கும் முறை

தாயை முதலில் பார்க்க வேண்டும். ஒழுங்காக அடை உட்கார்ந்து, கூடுதலாகக் குஞ்சு பொரித்து, அவற்றைக் காப்பாற்றி வளர்த்த பெட்டையின் ஆண் குஞ்சுகளையே கணக்கில் எடுக்க வேண்டும். அக்குஞ்சுகளின் காலில் ஒரு நிற நூலைக் கட்டிவைத்தால் அடையாளம் மறவாது. கால் பருக்கும்போது நூலைத் தளர்த்துதல் அவசியம்.

இரண்டு மாதத்தில் அவற்றுள் விரைவாய் வளர்ந்தவற்றை ஐந்தாறாகக் குறைக்கலாம். ஐந்தாம் மாத முடிவில் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, கனமான இரண்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒன்று மந்தைக்கு, மற்றொன்று அதற்கு ஆபத்து நேர்ந்தால் மாற்றுக்கு. கண்ணால் மதிப்பிடுவது போதாது. நீண்ட இறகு கண்ணை ஏமாற்றும். மார்பு அகன்றும், முதுகு நேராகவும், கால்கள் வளையாமலும், விரல்கள் கோணாமலும், கண் தெளிந்தும், கொண்டை சிவந்தும் இருத்தல் நன்று.

எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே சேவலை மூன்று நான்காண்டு வைத்திருந்தால் அது தன் குஞ்சுகளோடேயே சேர நேரும். அதனால் கூமுட்டை மிகுந்து குஞ்சுகள் பலவீனப்படும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அடுத்த கிராமத்தாரோடு சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளல் உத்தமம். மாற்றும்போது இனமறிந்து மாற்ற வேண்டும். பல நிறமுடைய கலப்புப் பண்ணைக் கோழியே சந்தையில் நாட்டுக் கோழி என்ற பெயரால் விற்கப்படுவதுண்டு. அதை மந்தையில் விட்டால் சில தலைமுறைகளில் அடை உட்காரும் குணம் குன்றும். பெட்டை அடை உட்காராத வீட்டில் நாட்டுக் கோழியின் லாபமும் இல்லை.

கலப்பு எல்லாமே கூடாதென்பதில்லை. பரேலிக்கு அருகேயுள்ள இஸாத்நகரில் 1979-ல் ஏற்பட்ட மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் அசிலிலிருந்து நிர்பீக் என்பதையும், கடக்நாத்திலிருந்து சியாமா என்பதையும், கிராப்புக் கோழியிலிருந்து ஹித்காரி என்பதையும் புறக்கடைக்கெனத் தயாரித்துள்ளனர். சென்னை நந்தனத்திலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. அவற்றை வாங்குவோர் தனி மந்தையாக வளர்த்து விற்பதே நலம். வீட்டுப் பழைய மந்தையோடு கலக்க விடலாகாது.

அடையும் குஞ்சும்

ஏழு நாளுக்கு மேற்படாத முட்டைகளையே அடைக்கு வைக்க வேண்டும். சிறுவிடைக்குப் பத்து, பெருவிடைக்குப் பன்னிரண்டு போதும். பேராசையால் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் சூடின்றிக் கெடும். கூடையில் மணலும் அதன்மேல் வைக்கோலும் இடலாம். இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைக்கும் வழக்கத்தால் கெடுதியில்லை. ஆனால் அதைவிட முக்கியம், அடைப் பெட்டைக்குத் தினம் ஒருவேளை இரையும் நீரும் கிடைப்பதும், உடலில் பேன் இல்லாதிருப்பதும். ஏழாம் நாள் இரவில் விளக்கின் எதிரே முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் நரம்பு தெரியும், வெறுமையானதை நீக்கிவிடலாம்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. காகத்தாலும் பருந்தாலும் கீரியாலும் பசியாலுமே சாகிறது. முதல் மூன்று வாரம் பகலிலும் பஞ்சாரத்தின் கீழ் வைத்து, நொய்யும் உடைத்த கம்பும் கொடுக்க வேண்டும். குஞ்சுக்குச் செலவில்லாத நல்லுணவு கரையான். ஒரு பழம்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை முதலியவற்றை நிரப்பித் தண்ணீர் தெளித்து, மாலையில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். முன்னோர் அறிந்த இம்முறை பல வீடுகளில் இப்போது மறக்கப்பட்டுள்ளது.

வெள்ளைக் கழிச்சல்

நாட்டுக் கோழிக்கு வியாதி வராது என்பது தவறான நம்பிக்கை. சில்லறை நோய்களை அது தாங்கும். ராணிக்கெட் என்னும் வெள்ளைக் கழிச்சலைத் தாங்காது. 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இப்பெயர் வந்தது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியவை குறிகள். வந்தபின் மருந்தில்லை. ஒரே வாரத்தில் தெருவையே காலி செய்துவிடும். நான்கு ஆண்டு கவனித்துத் தேர்ந்த சேவலும் அதோடு போய்விடும்.

வருமுன் காப்பதற்கு வழியுண்டு. முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், நான்காம் வாரத்தில் மறுமுறையும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போட வேண்டும். ஊசி போட இயலாத வீடுகளுக்கெனக் குருணை உருவில் வாயால் உண்ணும் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தயாரித்துள்ளனர். இறந்த கோழியைத் தெருவிலோ குளத்திலோ எறியாமல் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும்.

கிராமாதிகாரிகள் செய்யத்தக்கது

தடுப்பு மருந்துக் குப்பி பல கோழிகளுக்கு உரிய அளவில் வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் இரண்டொரு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒருவர் தனியே வாங்கினால் பெரும்பகுதி வீணாகும். ஆதலால் கிராமாதிகாரிகள் ஒருநாளைக் குறித்து, முதல்நாள் மாலை தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ அறிவித்து, கோழிகள் கூண்டைவிட்டு வெளிவருமுன் விடியற்காலையில் ஊர் முழுதும் மருந்து கொடுக்கச் செய்தால் செலவு சொற்பம், பயன் பெரிது. புதுவையைச் சார்ந்தோர்க்குக் குரும்பாபேட்டையிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ நிறுவனமும், பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையமும் அருகிலேயே உள்ளன. அவ்விடங்களில் யோசனை கேட்கலாம்.

அதே நாளில் ஊரிலுள்ள இனவிருத்திச் சேவல்களை ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்து, எடையை ஒரு புஸ்தகத்தில் குறித்து வைக்கலாம். எந்த வீட்டுச் சேவல் சிறந்தது என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு கிராமங்கள் சேர்ந்து செய்தால் சேவல் மாற்றுவதற்கும் அதுவே தருணமாகும்.

வரும் பண்டிகைக்கு வியாபாரி வாசலில் வந்து நின்று பெரிய சேவலைச் சுட்டிக்காட்டும்போது, அதற்கு அடுத்ததை எடுத்துக்கொள் என்று வீட்டாரும் வீட்டுப் பெண்மணிகளும் சொல்லப் பழக வேண்டும். அன்று கையில் வரும் பணம் சிறிது குறையலாம். அடுத்த ஆண்டு அதே பஞ்சாரத்தில் அந்தச் சேவலின் குஞ்சுகள் நூற்றுக்கு மேல் நிற்கும். விலையை அப்போது வீட்டார் சொல்ல, வியாபாரி கேட்பான்.